ஒரு சார்ஜில் ஊர் போய்ச் சேருமா?

டில்லியில் வாழும் நம்மவர்களுக்குத் தூரம் என்றால் ஒரே ஒரு தூரம்தான். அது ஊருக்குப் போகிற தூரம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலுமாக, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். வாங்கும் பெட்டியும் ஊறுகாய் ஜாடியும் கூட இந்தப் பயணத்தைத் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆகவே, என்னிடம் மின்சாரக் கார் இருக்கிறது என்று தெரிந்த நாள் முதலாக, சங்கத்து விழாவானாலும் சரி, கல்யாணப் பந்தியானாலும் சரி, என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஒரு தடவை சார்ஜ் பண்ணினா எவ்வளவு தூரம் போகும்?" என்பதாகவே இருக்கிறது. கேட்பவர்களில் ஒருவர்கூடத் தம் காரை ஓட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவர் அல்ல. மயூர் விஹாரிலிருந்து கரோல்பாக் போய்க் காப்பிப்பொடியும் அப்பளமும் வாங்கித் திரும்புகிறவர்கள்தான். இருந்தாலும் கேள்வி என்னவோ சென்னையை மனத்தில் வைத்துத்தான் வருகிறது.

வண்டியை 2021 செப்டம்பரில் வாங்கினேன். இதுவரை 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மின்துறையைச் சேர்ந்த பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டு குப்பை கொட்டியவன் என்ற முறையிலும், எதையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் கெட்ட பழக்கம் உடையவன் என்ற முறையிலும் சில விவரங்களைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். ஒரு சாரார், "எண்பது கிலோமீட்டர் போகுமா? அதற்கப்புறம் தள்ள வேண்டியதுதானே?" என்பார்கள். மற்றொரு சாரார் செய்தித்தாள் விளம்பரத்தைக் காட்டி, "ஐந்நூறுக்கு மேல் போகும்னு போட்டிருக்கானே சார்!" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் ஒரே ஆசாமி ஒரே சாயங்காலத்தில் சொல்வதுண்டு. வாங்காதிருக்கக் காரணம் தேடும்போது எண்பது; வாங்க ஆசை வந்துவிட்டால் ஐந்நூறு.

அந்த எண்பதுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. பெங்களூரில் சேத்தன் மைனி உருவாக்கிய ரேவா என்ற குட்டிக் கார் 2001இல் விற்பனைக்கு வந்தது. நம் இன்வெர்ட்டரில் இருப்பது போன்ற ஈய அமில பாட்டரி. முழுதாக ஏற்றினால் 80 கிலோமீட்டர். இரண்டு பெரியவர்கள் முன்னால், இரண்டு குழந்தைகள் பின்னால். லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் அது நன்றாகவே ஓடியது. நாம்தான் 'பொம்மைக் கார்' என்று சிரித்தோம். 2010இல் மஹிந்திரா அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. அதற்கும் முன்னால் 1993இல் டில்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'லவ் பேர்டு' என்றொரு மின்சாரக் கார் காட்டப்பட்டதும், சாலக்குடியோடு நம் கோயம்புத்தூருக்கும் அதன் தயாரிப்பில் பங்கு இருந்ததும் இன்று யாருக்கும் நினைவில் இல்லை. ரேவாவின் எண்பது மட்டும் நினைவில் தங்கிவிட்டது. லித்தியம் பாட்டரி வந்து காலம் மாறியும் அந்த எண் நம்மை விட்டுப் போகவில்லை.

ஐந்நூறுக்கு வருவோம். அது எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

காரை ஒரு கூடத்துக்குள் உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரம் மட்டும் சுழல, கார் நகராமல் ஓட்டிப் பார்க்கிறார்கள். எந்த நொடியில் என்ன வேகம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட அட்டவணை. இந்திய ஓட்டச் சுழற்சி என்று அதற்குப் பெயர். அதன் முதல் பகுதி நகர ஓட்டம். வேகம் 50ஐத் தாண்டாது. இரண்டாம் பகுதியில் 90 வரை போகும். ஏ.ஸி. போடுவதில்லை. ஜூன் மாதத்து டில்லியில் ஏ.ஸி. இல்லாமல் 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுகிற மகானுபாவர் யாராவது இருந்தால், விளம்பரத்தில் சொன்ன தூரம் அவருக்குக் கிடைக்கக்கூடும்.

சோதனையை எப்படி நடத்துகிறோம் என்பதற்கு ஏற்ப எண் எப்படி மாறுகிறது என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரின் பெரிய பாட்டரி மாடல் 2023இல் 465 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறை வந்ததும் அதே கார், அதே பாட்டரி, 390 ஆயிற்று. காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த கர்வ் காருக்குச் சான்றிதழ் 585 என்றது. சாலையில் 400 முதல் 425 வரை எதிர்பார்க்கலாம் என்று கம்பெனியே கூடச் சேர்த்துச் சொல்லிற்று. இப்படி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நாணயமான காரியம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஷோரூமில் நமக்கு எந்த எண் பெரிய எழுத்தில் தெரிகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விவகாரம் நம் ஊரில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 312 கிலோமீட்டர் என்று சான்றிதழ் பெற்ற பழைய நெக்ஸான், தமக்கு 200கூடத் தரவில்லை என்று டில்லிவாசி ஒருவர் புகார் செய்ய, 2021 மார்ச்சில் டில்லி அரசு அந்தக் காருக்கான மானியத்தை நிறுத்தி வைத்தது. சான்றிதழ் சோதனைக்கூடத்து நிலைமைக்கு உரியது, சாலையில் தூரம் ஓட்டும் விதத்தையும் ஏ.ஸி.யையும் பொறுத்தது என்பது கம்பெனியின் பதில். உயர்நீதிமன்றம் அரசின் உத்தரவுக்குத் தடை விதித்தது. அப்போது வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நான் இதைத் தினமும் படித்துக்கொண்டிருந்தேன். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. 312ஐக் கழித்துவிட்டு 200 என்று வைத்து வாங்கினேன். ஆகவே எனக்கு ஏமாற்றம் இல்லை.

வாசகர்கள் ஒரே ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பாட்டரியின் அளவை 30 கிலோவாட்-மணி, 45 கிலோவாட்-மணி என்று சொல்வார்கள். மிரள வேண்டாம். ஒரு கிலோவாட்-மணி என்பது நம் வீட்டு மின்சார பில்லில் வருகிற ஒரு யூனிட்தான். என் வண்டியில் 30 யூனிட் பிடிக்கும். டில்லிக்குள் ஓட்டினால் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வருகிறது. எழுமூன்று இருபத்தொன்று, ஆக 210. பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போதும்.

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு விஷயம் தலைகீழாக இருக்கும். பெட்ரோல் காருக்கு ஊருக்குள் மைலேஜ் குறையும், நெடுஞ்சாலையில் கூடும். மின்சாரக் காருக்கு ஊருக்குள்தான் நல்ல மைலேஜ். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் எதையும் குடிப்பதில்லை. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஐ.டி.ஓ. சந்திப்பின் நெரிசல் பெட்ரோல் காருக்குச் சாபம். என் காருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலையில்லை, காற்றோடுதான் மல்லுக்கட்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 80இல் போகிறவர் 100க்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ அரைப் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

இரண்டு வருஷங்களுக்கு முன் கும்பகோணத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். ஜூன் மாதம், வெயில் 44 டிகிரி. அண்ணிக்குப் பிருந்தாவனத்தில் ரங்கநாதரையும் ஆண்டாளையும் சேவிக்க வேண்டும் என்று ஆசை. நம் பக்கத்துக் கோபுரத்தோடு அங்கே ஒரு கோவில் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். நான்கு பேர், முழு ஏ.ஸி., யமுனா எக்ஸ்பிரஸ் சாலையில் 90இலிருந்து 100 வரை. சுமார் 150 கிலோமீட்டர் ஓடி, போய்ச் சேரும்போது பாட்டரியில் 19 சதவீதம் மிச்சம். அதாவது யூனிட்டுக்கு 6க்கும் சற்று மேல். அண்ணன் வழி முழுக்கச் சாலையைப் பார்க்கவே இல்லை. முன்னாலிருந்த திரையில் சதவீதம் குறைவதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, முப்பதுக்கு வந்துடுச்சே, நிறுத்திக் கேளேன்" என்றார். யாரைக் கேட்பது? திரும்பும்போது வேக சார்ஜரில் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். 80 சதவீதம் ஏறியது. அதற்கு மேல் வேக சார்ஜரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாட்டரியின் ஆயுளுக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அண்ணி புளியோதரையைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அண்ணன் மட்டும் சார்ஜர் அருகிலேயே நின்றபடி சாப்பிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்ரோல் காரும் விளம்பரத்தில் சொன்ன மைலேஜைத் தருவதில்லை. லிட்டருக்கு 20 என்று சொன்னது 14 தரும். நாமும் நாற்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏனென்றால் பெட்ரோல் தீர்ந்தால் ஐந்து நிமிஷக் காரியம், எந்த ஊர் முனையிலும் பங்க் இருக்கும். இங்கே ஒரு மணி நேரம். அதுவும் சார்ஜர் வேலை செய்தால், முன்னால் வேறு யாரும் நிற்காவிட்டால். அதனால்தான் அங்கே கண்டுகொள்ளாத வித்தியாசம் இங்கே வயிற்றைக் கலக்குகிறது. பயம் தூரத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உண்மையில் திரும்ப ஏற்றிக்கொள்ள இடம் உண்டா என்பதைப் பற்றியது.

டில்லிக் குளிரில் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். ஜனவரிக் காலையில் எனக்கு யூனிட்டுக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் குறைகிறது. குளிரில் பாட்டரி மந்தமாவது ஒரு காரணம். பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் சூட்டையே உள்ளே திருப்பிவிட்டு நம்மை இலவசமாகக் கதகதப்பாக்கும். மின்சாரக் காரின் ஹீட்டரோ பாட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

இனி, வண்டியோடு என்னவெல்லாம் கூட வரும் என்ற விஷயம். இதில்தான் நம்மவர்களின் நம்பிக்கை எல்லை கடந்து போகிறது. மின்சாரக் கார் என்றால் எல்லாமே உள்ளே இருக்கும் என்று ஒரு எண்ணம்.

துவாரகாவில் இருக்கும் இளைய நண்பர் ஒருவருடன் சென்ற மாதம் ஷோரூமுக்குப் போனேன். அவர் டீசல் காருக்குப் பத்து வயது நிறைகிறது. டில்லி வட்டாரத்தில் டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட கோடும், 2018இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்ததும், அதற்குப் பிறகு நடந்துவரும் இழுபறியும் இங்கே எல்லோருக்கும் தெரியும். நண்பர் இழுபறியை நம்பி உட்கார முடியாதவர். தினமும் மானேசருக்குப் போய்வர 75 கிலோமீட்டர். வீட்டில் வயதான அம்மா. வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரி. வைப்பு நிதியில் பாதியை எடுத்து, மீதிக்குக் கடன் வாங்குகிறார். அவர் மனைவி என்னிடம் நேராகவே கேட்டார்: "நடுராத்திரியில அத்தைக்கு ஏதாவது ஆனா, வண்டியில சார்ஜ் இல்லைன்னு நிக்க முடியுமா சார்?"

இதைவிட நியாயமான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. 30 யூனிட் பாட்டரியில் 20 சதவீதம் மிச்சமிருந்தால் 6 யூனிட், 40 கிலோமீட்டர். அவர்கள் போகும் ஆஸ்பத்திரி 8 கிலோமீட்டர். இரவு வீட்டில் ப்ளக்கில் மாட்டிவிட்டால் அந்தக் கணக்கும் தேவையில்லை. மாட்ட முடிந்தால்.

ஷோரூமில் நிறுத்தி வைத்திருந்தது டாப் மாடல். விளம்பரத்தில் இருந்த விலை அடிமட்ட மாடலுக்கு. இரண்டுக்கும் நடுவே நான்கு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். "கியரே இல்லை சார், ஆட்டோமேட்டிக் ஸ்டாண்டர்ட்" என்றார் விற்பனையாளர், ஏதோ தம் கைக்காசைப் போட்டுக் கொடுத்தவர் போல. மின்சார மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை உண்டு. அதற்குக் கியர் பெட்டி தேவையில்லாததால்தான் வைப்பதில்லை. ஏ.பி.எஸ். பிரேக்கையும் சலுகைப் பட்டியலில் சேர்த்தார். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அது சட்டப்படி இருந்தாக வேண்டியது.

எது இல்லை என்பதை நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஸ்டெப்னி இல்லை, அதற்குப் பதில் பஞ்சர் ஒட்டும் பசையும் ஒரு சிறு காற்றடிக்கும் பம்பும். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பசையால் பயனில்லை. சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் தனிக் காசு. வேக சார்ஜருக்கான துவாரம் அந்த மாடலில் இருந்தது. ஆனால் எல்லாக் கார்களிலும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எம்.ஜி. காமெட் 2023இல் வந்தபோது அதில் வேக சார்ஜ் வசதியே கிடையாது, வீட்டில் ஏழு மணி நேரம் மாட்ட வேண்டியதுதான். 2022இல் டாட்டா டியாகோ மின்சாரக் கார் வந்தபோது, வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்டுக்குப் பதில் 7.2 ஆக வேண்டுமென்றால் 50,000 ரூபாய் கூடுதல். வெளியே எவ்வளவு பெரிய சார்ஜரை மாட்டினாலும் உள்ளே இருப்பது 3.3 என்றால், வீட்டு மின்சாரத்தில் 3.3க்கு மேல் ஏறாது. கூரையில் கண்ணாடி ஜன்னல் உண்டா என்று கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

நண்பர் பெரிய பாட்டரிக்கு ஆசைப்பட்டார். "ஊருக்குப் போகணும்னா உதவுமே சார்" என்றார். பாருங்கள், மறுபடியும் ஊர்! மூன்று லட்சம் அதிகம் கொடுத்து, வருஷத்தில் ஒரு தடவைகூடப் போகாத வழிக்குத் தூரத்தை வாங்கி வைப்பதா? சாதாரண 15 ஆம்பியர் ப்ளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும். பத்து மணி நேரம் மாட்டினால் 30 யூனிட், 200 கிலோமீட்டர். அவருக்குத் தினமும் வேண்டியது 75. அதாவது 11 யூனிட், நாலு மணி நேரம். இரவு பதினொன்றுக்கு மாட்டினால் மூன்று மணிக்கே வேலை முடிந்துவிடும். அந்த ப்ளக் இருந்தால் சிறிய பாட்டரியே தாராளம். அந்த ப்ளக் இல்லையென்றால் 600 கிலோமீட்டர் போகும் காரானாலும் வாரத்துக்கு ஒரு நாள் எங்காவது போய் நிற்க வேண்டியதுதான். செலவும் கூடும். என் வீட்டில் வண்டிக்கெனத் தனி மீட்டர். அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு, சர்சார்ஜ் சேர்த்தாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயைத் தாண்டவில்லை. வெளியில் சார்ஜ் செய்தபோதெல்லாம் யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்.

நண்பரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அவர் காரை நிறுத்தும் இடம் அடுக்குமாடி சொசைட்டியின் அடித்தளத்தில். அங்கே ப்ளக் வைக்கக் கமிட்டி அனுமதி தரவில்லை. லோடு தாங்காது என்கிறார் ஒருவர். தீப்பிடிக்கும் என்கிறார் இன்னொருவர். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே என்கிறார் காரியதரிசி. அவர் சொல்வதில் மட்டும் ஓரளவு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. வீட்டில் இப்போதிருக்கும் மின் இணைப்பிலிருந்தே உரிமையாளர் தம் வாகனத்துக்குச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதோடு ஒரு தாளில் கணக்கும் போட்டிருக்கிறேன்: இந்த ப்ளக் இழுப்பது 3 கிலோவாட் சொச்சம், குளியலறைக் கீஸர் ஒன்றைவிடச் சற்றே அதிகம். அதுவும் எல்லா வீட்டுக் கீஸரும் அணைந்திருக்கும் நடுராத்திரியில். மீட்டரிலிருந்து நிறுத்துமிடம் வரை 40 மீட்டர் கேபிள், தனி எம்.சி.பி., கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., முறையான எர்த். இவை இருந்தால் தீ பற்றிப் பேசுகிறவருக்கும் பதில் சொல்லிவிடலாம்.

முன்பணம் கட்ட வேண்டாம், அனுமதி கைக்கு வரட்டும் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். விற்பனையாளர் நாள் விட்டு நாள் போன் செய்கிறாராம், மாதக் கடைசிக்குள் சலுகை முடிந்துவிடும் என்று. முடியட்டும், அடுத்த மாதமும் ஒரு சலுகை வரும். கமிட்டிக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. காரியதரிசி கேரளத்துக்காரர், மலையாளம் கலந்து பேசினால் கொஞ்சம் இறங்கி வருவார் என்று நண்பர் நம்புகிறார். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார். கேபிள் செலவுக்கு இரண்டு எலக்ட்ரீஷியன்களிடம் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன்.